நாற்பத்தோராவது பூ

அத்தியாயம் 4

பத்திரிகையில் என் முழங்கை மட்டும்தான் வந்திருந்தது.

போன மாதக் கேஸில் கூரைமேல் ஏறிக் கள்ளச்சாவியைக் கண்டெடுத்தது நான். ஓடினவனை முட்டுச்சந்து வரை விரட்டிப் பேண்ட்டைக் கிழித்துக்கொண்டதும் நான். படத்தில் என்னவோ அண்ணி மட்டும் சிரித்துக்கொண்டு நின்றார். ஓரத்தில், சட்டையை மடித்துவிட்ட ஒரு முழங்கை. கீழே, ‘கணக்கு டீச்சரின் இன்னொரு வெற்றி’. முழங்கைக்குப் பெயர் போடவில்லை.

அண்ணி, என் அண்ணன் மனைவி. இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டு முன்னறையில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். ஊருக்கெல்லாம் டீச்சர். நான் அவருடைய உதவியாளன், டிரைவர், பை தூக்குகிறவன். அன்று மலையடிவாரத்து ஆராய்ச்சி நிலையத்தின் படிகளில் ஏறும்போது என் மனசில் ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. இந்தக் கேஸை அண்ணிக்கு முன்னால் நான் முடிக்க வேண்டும்.

எங்களை வரச்சொன்ன ஆராய்ச்சியாளர் வாசலிலேயே காத்திருந்தாள். இருபத்தாறு வயது, வெயிலும் பனியும் சேர்ந்து தோலுரித்த மூக்கு, கடித்துக் கடித்துக் குட்டையான நகங்கள்.

“மூணு மணிக்குத் தாவர நிபுணர் வந்துடுவாரு டீச்சர். இப்பவே பன்னெண்டு ஆச்சு.”

“மூணு மணி நேரம் தாராளம். முதல்லேருந்து சொல்லும்மா, தம்பிக்கும் புரியற மாதிரி.”

தம்பிக்கும்! எனக்குக் காதில் புகை வந்தது. ஆனாலும் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன்.

அந்த நிலையத்துக்குப் பதினைந்து வருடமாக ஒரே வேலை. மரம் முளைக்காத உயரத்தில், மருந்துக்கு உதவும் பூச்செடிகள் எத்தனை வகை இருக்கின்றன என்று கணக்கெடுப்பது. ஒரு மீட்டர் சதுரமான மரச்சட்டத்தைப் புல்வெளியில் வைப்பார்கள். அதற்குள் இருக்கும் செடிகளையெல்லாம் எண்ணுவார்கள். வகைக்கு ஒன்றைப் பறித்துக் கீழே கொண்டுவந்து, காயவைத்துப் பத்திரப்படுத்துவார்கள். இந்தப் பருவத்தில் அவள் கொண்டுவந்தது நாற்பத்தொன்று. கடைசியாகக் கிடைத்தது, இதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு நீலப்பூ. மேலே மூச்சு முட்டினால் மேய்ப்பர்கள் அதன் வேரை மெல்வார்களாம். வேர் எல்லாருக்கும் தெரியும், பூவைத்தான் ஆராய்ச்சிக்காரர் எவரும் பார்த்ததில்லை.

செடி கீழே வந்து ஒன்பது நாள். காணாமல் போய் ஐந்து நாள். அதைச் சுற்றியிருந்த செய்தித்தாள் மடிப்பு அப்படியே இருந்தது, உள்ளே காலி.

“போட்டோ?” என்றேன்.

“குளிர்ல பேட்டரி செத்துப்போச்சு சார். ஒண்ணே ஒண்ணுதான் எடுக்க முடிஞ்சுது.”

காட்டினாள். நீலமாக ஏதோ தெரிந்தது. கைக்குட்டை என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

“திரும்பப் போய் இன்னொண்ணு பறிச்சுட்டு வர வேண்டியதுதானே?”

“கணவாய் மூடியாச்சு. இனிமே ஏழு மாசம் பனிதான்.” நகத்தைக் கடித்தாள். “பூவைப் பிரிச்சுப் பாத்தாத்தான் நிபுணர் கையெழுத்துப் போடுவாரு. செடி இல்லன்னா, இல்லாத பூவ நான் இருக்குன்னு எழுதிட்டேன்னு ஆயிடும். ஒண்ணு பொய்னா மத்த நாப்பதையும் நம்ப முடியாதுன்னு எங்க நிலைய இயக்குநர் சொல்லிட்டாரு. என் பட்டியலையே அடிச்சுடுவாங்க டீச்சர். என்னையும் சேத்து.”

அண்ணி அவள் தோளைத் தட்டினார். “வா, அந்த ரூமைப் பாக்கலாம்.”

காயவைக்கும் அறை நீளமாக, ரயில் பெட்டி மாதிரி இருந்தது. ஒரு மூலையில் ஹீட்டர் உறுமியது. அதற்கு மேலே நான்கு கொடிகள் கட்டி, துணி உலர்த்துகிற மாதிரி, ஈரம் உறிஞ்சும் தடித்த ஒற்றுத்தாள்களை வரிசையாக கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். காய்ந்த புல் வாசனை மூக்கைத் துளைத்தது, எனக்கு மூன்று தும்மல் வந்தது.

மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். இடது காலை நீட்டி, சால்வை போர்த்திய ஒரு குட்டை மணைமேல் வைத்திருந்தாள்.

“எங்க அக்கா,” என்றாள் இளையவள். “எனக்கு முன்னாடி மலைக்குப் போனது இவதான், பதினோரு வருஷம். மூணு வருஷம் முன்னாடி விழுந்து முட்டி உடைஞ்சுடுச்சு. இப்ப இந்த ரூம் இவ பொறுப்பு.”

“எழுந்து நிக்க முடியல, தப்பா நினைச்சுக்காதீங்க,” என்றாள் மூத்தவள். குரல் இதமாக இருந்தது. “தங்கச்சி காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல. நீங்களாவது சொல்லுங்க.”

அண்ணி மேஜைமேல் இருந்த பெரிய கட்டைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு பலகைகள், நடுவே அடுக்கடுக்காகக் காகிதம், சுற்றிலும் இறுக்கிய பட்டை. இவர்கள் அதைப் பிரஸ் என்கிறார்கள்.

“இது எப்படின்னு சொல்லுங்களேன்.”

“செடியை விரிச்சு செய்தித்தாள்ல மடிப்போம். அதுக்கு மேல ஒரு ப்ளாட்டிங் பேப்பர், கீழ ஒண்ணு. ஈரத்த அதுங்க உறிஞ்சிக்கும். தினமும் காலைல பழச எடுத்துட்டுக் காஞ்சத வைக்கணும். ஒருநாள் விட்டாலும் பூசணம் பிடிச்சுடும்.” மூத்தவள் பேசப் பேச அவள் விரல்கள், அங்கே இல்லாத ஒரு காகிதத்தை நீவின. “எடுத்தத அந்தக் கொடில காயப்போடுவேன்.”

“இன்னைக்கும் மாத்தினீங்களா?”

“எட்டு மணிக்கே. நாப்பது செடி, எண்பது தாள்.”

அண்ணி தலையாட்டிவிட்டுக் கொடிகளை அண்ணாந்து பார்த்தார். உதடுகள் அசைந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி எதையும் எண்ணுவார். படிக்கட்டு, ஸ்பூன், நான் விடுகிற கொட்டாவி, எதற்கும் அவரிடம் கணக்கு இருக்கும். அவர் எண்ணிக்கொண்டிருக்கட்டும், நான் திருடனைப் பிடிக்கிறேன் என்று வெளியே நழுவினேன்.

எனக்குத் திருடன் யாரென்று ஏற்கெனவே தெரியும். இயக்குநர்தான். நேற்று வந்த சின்னப்பெண் புதுப்பூ கண்டுபிடித்தால், இருபது வருடமாக நாற்காலியில் இருக்கிறவருக்கு வயிறு எரியாதா? அறைச் சாவிகள் இரண்டில் ஒன்று மூத்தவளிடம், மற்றது அவரிடம். பொய் என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவரும் அவரே.

அவர் அறை பக்கத்திலேயே இருந்தது. கொழுத்த மனிதர், கச்சிதமான கோட், அதற்குப் பொருத்தமாக டை.

“சார், உங்க அலமாரியைக் கொஞ்சம் திறக்கணும்.”

“எதுக்கு?” முகம் சிவந்துவிட்டது. “அதெல்லாம் முடியாது. அது என் சொந்த விஷயம்.”

இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? “அப்ப போலீஸை வச்சுத் திறந்துக்கறேன்,” என்றேன். மனிதர் வியர்த்துப்போய்ச் சாவியை நீட்டினார். அலமாரியின் அடித்தட்டில், கோப்புகளுக்குப் பின்னால், பட்டை போட்டு இறுக்கிய ஒரு பிரஸ்!

அதை மார்போடு தூக்கிக்கொண்டு காயவைக்கும் அறைக்கே போனேன். இயக்குநர் பின்னாலேயே ஓடிவந்தார். எல்லார் முன்னாலும் மேஜைமேல் வைத்தேன். தொண்டையைக் கனைத்தேன். எந்தப் பக்கமாக நின்றால் படத்தில் முகம் நன்றாக விழும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

“அண்ணி, கேஸ் முடிஞ்சுது,” என்று பட்டையை அவிழ்த்தேன்.

உள்ளே ஆறு டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதத்தில், சுருக்கமில்லாமல், மிக நேர்த்தியாக.

“இஸ்திரி போட்டா பட்டு பளபளன்னு ஆயிடுது,” என்றார் இயக்குநர் மெல்லிய குரலில். “இதுல வச்சா அப்படியே நிக்கும். வீட்ல சிரிப்பாங்கன்னு இங்க வச்சிருக்கேன்.”

நான் அசடு வழிந்தேன். மன்னிப்புக் கேட்டு, டைகளை எண்ணித் திருப்பிக் கொடுத்தேன். அவர் போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பருவத்துப் பனி இருந்தது.

“தம்பி,” என்றார் அண்ணி, “கொஞ்ச நேரம் அந்த ஸ்டூல்ல உக்காந்துக்கறீங்களா?”

உட்கார்ந்தேன். கைப்பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன். வகுப்புக்கு வெளியே நிற்கவைத்த பையன் மாதிரி இருந்தது. வேறு வேலை இல்லாததால் நடப்பதை வேடிக்கை பார்த்தேன்.

அண்ணி இளையவளிடம் பூவைக் கண்டுபிடித்த கதையைக் கேட்டார்.

“சொன்னா சிரிப்பீங்க டீச்சர். எல்லாரும் ஜூன்லயே போயிட்டு வந்துட்டாங்க. என் சிநேகிதி கல்யாணம்னு நான் லீவு போட்டுட்டேன். விட்டுப்போன கணக்கெடுப்ப முடிச்சாகணும்னு செப்டம்பர் கடைசிலதான் அனுப்பினாங்க, மேய்ப்பர்களே இறங்கி வந்துட்டாங்க. கணவாய்க்குக் கீழ ஒரு தட்டைப் பாறை இருக்கு. செருப்புல கல்லு குத்துதேன்னு அதுமேல உக்காந்தேன். குனிஞ்சு பாத்தா, பாறையடில நீலமா!” அந்த நினைப்பில் ஐந்து நாள் கவலையும் மறந்து சிரித்தாள். “தேடவே இல்ல. சும்மா அதிர்ஷ்டம்.”

மூத்தவளும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். உதடு மட்டும் விரிந்தது. கன்னம் அசையவில்லை. கண், தங்கையின் முகத்தில் இல்லை, அவள் உரிந்த மூக்கில் இருந்தது. மலைக்குப் போனவளுக்குத்தானே மூக்கு உரியும்!

எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டு மாமா பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்து, “உங்க அண்ணி அசத்திட்டாங்கப்பா” என்றபோது நானும் அப்படித்தான் சிரித்தேன். அன்று முழுக்க கன்னம் வலித்தது.

இப்போது சொல்லிவிடுகிறேன். என் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. என் முழங்கையைப் போட்ட அதே பத்திரிகையிலிருந்து அண்ணி பெயருக்கு வந்தது. பதினோரு நாளுக்கு முன் தபால்காரரிடம் வாங்கியவன் நான்தான். பேட்டி கேட்டுத்தான் எழுதியிருப்பார்கள் என்று உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கொடுக்க மனசு வரவில்லை. கிழித்துப் போடவும் மனசு வரவில்லை. பிரித்தும் பார்க்கவில்லை. மடங்கிவிடக் கூடாதே என்று டைரிக்குள் வைத்து, போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

எழுந்து அண்ணியின் காதருகே போனேன்.

“அண்ணி, அந்த அக்காதான்.”

“தெரியும்,” என்று முணுமுணுத்தார். “எதை வச்சு சொல்றீங்க?”

“மூஞ்சிய வச்சு. நீங்க?”

“தாளை வச்சு. ஆனா செடி எங்கன்னு எனக்குத் தெரியல.”

அண்ணி வாயிலிருந்து ‘எனக்குத் தெரியல’ வந்து நான் கேட்டதே இல்லை. என் நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்தது.

“தூரமா வச்சிருக்க மாட்டாங்க அண்ணி. இந்த மாதிரி ஒரு பொருளை உடம்போடவே வச்சுக்கத்தான் தோணும்.”

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு நான் மார்போடு அணைத்திருந்த கைப்பையைப் பார்த்தார். கொடிப்பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, இந்த நாலு கொடியிலயும் எத்தனை தாள் இருக்கு?”

“எண்பது,” என்றாள் மூத்தவள்.

“மூணு கொடியில இருபது இருபதா இருக்கு. நாலாவதுல இருபத்திரண்டு. ரெண்டு தடவை எண்ணிட்டேன்.”

மூத்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

அண்ணி எக்கி, கடைசி இரண்டு தாள்களைக் கிளிப்பிலிருந்து எடுத்தார். “ஒன்பது நாள் ஆச்சு. மத்த செடி எல்லாம் காஞ்சுடுச்சு, அதுங்க தாளும் மொறமொறன்னு இருக்கு. இது ரெண்டும் மட்டும் இன்னும் ஈரம். நடுவுல பாருங்க, வட்டமா ஒரு கறை. தடிச்ச வேர் ஒண்ணுலேருந்து தண்ணி இறங்கியிருக்கு. அதுவும் இன்னைக்குக் காலைல. காணாமப் போன செடிக்கு இன்னைக்குக் காலைலயும் யாரோ தாள் மாத்தியிருக்காங்க.”

இளையவள் தாளைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். அவளுக்கு அது ஏறவே இல்லை.

நான் குட்டை மணைக்கு அருகில் போய்க் குனிந்தேன். “காலைக் கொஞ்சம் எடுக்கறீங்களா அக்கா?”

அவள் எடுக்கவில்லை. நானும் இழுக்கவில்லை. கடைசியில் அவளே இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்து, காலைத் தூக்கித் தரையில் இறக்கினாள். சால்வையை நீக்கினேன். மணை இல்லை அது. இரண்டு பலகை, நடுவே சில காகிதம், சுற்றிலும் பட்டை. ஐந்து நாளாக உடைந்த முட்டியின் பாரத்தால் அந்தப் பூவை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

அண்ணி பிரித்தார்.

எனக்குப் பூவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அதைப் பார்த்து மூச்சு நின்றது. ஐந்து இதழும் ஐந்து விரல் மாதிரி விரிந்திருந்தன. நீலம் துளியும் மங்கவில்லை. ஒரு பூவை முன்பக்கமும் ஒன்றைப் பின்பக்கமும் தெரியும்படி வைத்து, ஒரு இலையை மட்டும் திருப்பி, வேரின் ஒரு மயிர்கூட ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பிரித்து வைத்திருந்தாள். பெரிய பிரஸ்ஸில் இருந்த நாற்பதில் ஒன்றும் இதன் அருகே வர முடியாது.

“ஏன்க்கா?” என்றாள் இளையவள்.

“அந்தப் பாறை.” மூத்தவள் பூவைப் பார்த்துத்தான் பேசினாள். “பதினோரு வருஷம் அதுமேல உக்காந்துதான் சாப்பிட்டேன். மேய்ப்பர்கள் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேன், நீலமா பூக்கும், நாங்க இறங்கறப்ப பூக்கும்னாங்க. செப்டம்பர்ல போகணும்னு மூணு தடவை எழுதிக் குடுத்தேன். பருவம் முடிஞ்சப்புறம் எதுக்குன்னு விடல. ஜூன்ல போய் ஜூன்ல போய் வெறும் இலையைப் பாத்துட்டு வந்தேன். நீ கல்யாண விருந்து சாப்பிட்டுட்டு லேட்டா போனே. செருப்புல கல்லு குத்துச்சு.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே!”

“என்னன்னு சொல்றது? உனக்குக் கிடைச்சது எனக்கு எரியுதுன்னா?” முதல்முறையாகத் தங்கையை நேராகப் பார்த்தாள். “எரிஞ்சுது. இப்பவும் எரியுது. நீ மூக்கு உரிஞ்சு வந்து நின்னா கூட எரியுது.”

“மூணு மணிக்கப்புறம் என்ன பண்றதா இருந்தீங்க?” என்று அண்ணி கேட்டார்.

மூத்தவள் அவிழ்த்த பட்டையை எடுத்துச் சுருட்டினாள்.

“தெரியல டீச்சர். முதல் நாளே அடுப்புல போடலாம்னுதான் எடுத்தேன். கை போகல. நாளைக்கும் காலைல எழுந்து தாள் மாத்தியிருப்பேன். அதுக்கு மேல யோசிக்கவே இல்ல.”

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இயக்குநர் கதவைத் திறந்து, “நிபுணர் வந்துட்டாரு, என்ன...” என்று ஆரம்பித்தவர், மேஜையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அருகில் வந்து குனிந்தார். அவர் டை பூவில் பட்டுவிடுமோ என்று நாங்கள் எல்லாரும் பதறினோம்.

“எங்க இருந்துச்சு இது?”

அண்ணி இளையவளைப் பார்த்தார். ஒரு சொல் போதும், மூத்தவளுக்கு அந்த அறையும் இருக்காது.

“அக்காகிட்ட இருந்துச்சு சார்,” என்றாள் இளையவள். கண் சிவந்திருந்தது, குரலில் பாசம் எதுவும் இல்லை. “வேர் தடியா இருக்கில்ல, தனியா வச்சுக் காயப்போட்டிருக்கா. எனக்குத் தெரியாமப் போச்சு.”

எல்லாமே உண்மை. ஒன்றுகூடப் பொய் இல்லை.

“அருமையா வந்திருக்கு,” என்றார் இயக்குநர். “யாரு இதை நிபுணருக்கு விளக்கப்போறது?”

இளையவள் பூவைக் காகிதத்தோடு எடுத்துக்கொண்டாள். கதவு வரை போனாள். அங்கே நின்று, திரும்பாமலேயே சொன்னாள்.

“நீ வா. பதினோரு வருஷக் கதையும் உனக்குத்தான் தெரியும். மெதுவா வா, நான் கதவைப் பிடிச்சுக்கறேன்.”

மூத்தவள் மேஜையைப் பிடித்து எழுந்தாள். தங்கை கதவைத்தான் பிடித்தாள். கையை நீட்டவில்லை. அதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

காரில் திரும்பும்போது முதல் வளைவு வரை பொறுத்தேன். பிறகு ஓரமாக நிறுத்தி, டைரியிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

“உங்களுக்குத்தான் அண்ணி. வந்து பதினோரு நாளாச்சு.”

அவர் ஆச்சரியப்படவில்லை. உறையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “ஒரு மடிப்புக்கூட விழல. நல்லாத்தான் வச்சிருக்கீங்க.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தபால்காரர் அன்னைக்கே கேட்டாரு, லெட்டர் கிடைச்சுதான்னு. நீங்களே குடுப்பீங்கன்னு விட்டுட்டேன்.”

பிரித்து வாசித்தார். புருவம் உயர்ந்தது. என்னிடமே கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் வாசித்தேன். வணக்கத்துக்கு அப்புறம் முதல் வரியே இதுதான்: ‘போன முறை வெளியான படத்தில் தங்கள் உதவியாளரின் முழங்கை மட்டும் இடம்பெற்றதற்கு மிகவும் வருந்துகிறோம். இந்த முறை அவருடைய சாகசங்களைப் பற்றியே நான்கு பக்கம் எழுதவும், அட்டையில் அவருடைய முழு உருவப் படத்தைப் போடவும் விரும்புகிறோம்.’

பதில் வந்துசேர வேண்டிய கடைசி நாளும் போட்டிருந்தது. நேற்று.